துறையில் நிற்கும் கப்பலுக்குத் தினமும் ஏன் குளியல்?

தேவகோட்டையிலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறாள்: “பாய்மரக் கப்பல் துறைமுகத்தில் சும்மாதானே நிற்கிறது? அப்போதும் மாலுமிகள் விடிந்ததும் எழுந்து தளம் முழுக்கக் கடல்நீர் ஊற்றித் தேய்க்கிறார்களே, அழுக்குப் போகவா?”

அழுக்கும் போகும். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. துறையில் நின்றாலும் மாலுமிக்கு ஓய்வு கிடையாது. நனைந்த பாய்களைப் பூஞ்சணம் பிடிக்காமல் விரித்து உலர்த்த வேண்டும், தேய்ந்த கயிற்றை மாற்ற வேண்டும், அடியில் கசிந்து தேங்கிய நீரை இறைக்க வேண்டும், இரவில் முறைவைத்து நங்கூரத்தைக் கவனிக்க வேண்டும். இத்தனைக்கும் முந்திய வேலை தளம் கழுவுவது. பலகையின் ரேகைக்குக் குறுக்காகத்தான் தேய்ப்பார்கள். நெடுக்காகத் தேய்த்தால் மரத்தின் மெதுவான பகுதி மட்டும் அரித்துப் பள்ளம் விழும்.

சரி, தண்ணீர் எதற்கு? எங்கள் வீட்டு பர்மா தேக்குக் கதவு ஐப்பசி அடைமழையில் நிலையோடு இறுகிக்கொள்ளும்; தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். பங்குனியில் அதே கதவின் இடுக்கு வழியாக முற்றத்து வெயில் உள்ளே கோடு போடும். மண்வெட்டிக் காம்பு ஆடினால் அப்பத்தா அதை இரவு முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவார். காலையில் ஆடாது.

மரத்தின் செல்சுவருக்குள் செல்லுலோஸ் இழைகள், கட்டிவைத்த ஈர்க்குமாறு போலப் பெரும்பாலும் நெடுக்குவாக்கில் கிடக்கின்றன. தண்ணீருக்கும் செல்லுலோஸுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல்: இரண்டுக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாவதால், நீர் மூலக்கூறுகள் இழைகளின் நடுவே நுழைந்து அவற்றை விலக்கிக்கொண்டு உட்காரும். துடைப்பக் கட்டு தளர்ந்தால் நடுவில் ஒரு குச்சியை அடித்துச் செருகுகிறோம் அல்லவா? கட்டு பருக்கும், நீளாது. மரமும் அப்படித்தான். பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கும். வளையத்துக்குக் குறுக்கே அதில் பாதிக்கும் குறைவு. நீளவாக்கில் கண்ணுக்கே தெரியாது. மரத்துக்குள் இருக்கும் ஈரம் அதன் காய்ந்த எடையில் சுமார் 30 சதவீதத்தைத் தொட்டதும் செல்சுவர் நிரம்பிவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் பருக்காது. இந்தக் கணக்கை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இப்போது கப்பல் தளத்துக்கு வாருங்கள். பலகைகளின் இடைவெளியில் பஞ்சையோ நாரையோ இடித்துத் திணித்து மேலே குங்கிலியமோ தாரோ பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர். பலகை ஊறிப் பருத்து இரண்டு பக்கமும் நெருக்கும்போதுதான் கலப்பத்து இறுகும். நாலு நாள் வெயிலில் காய விட்டால் இடுக்கு திறந்துகொள்ளும். அடுத்த மழை கீழே படுத்திருப்பவர் முகத்தில் சொட்டும். புதிதாகக் கடலில் இறக்கிய மரக்கலம் முதல் சில மணி நேரம் கசிந்துவிட்டு, தானாகவே அடைத்துக்கொள்வதும் இதனால்தான்.

பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளில் இரவில் ‘டக்’கென்று சத்தம் கேட்டால் பேய் என்கிறார்கள். வெக்கையும் ஈரமும் மாறும்போது உத்திரம் அசைந்துகொடுக்கும் சத்தம் அது. பேயின் பெயரைச் சொல்லி நல்ல வீட்டை இடிக்கக் கொடுப்பது எனக்கு ஆறவே இல்லை.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. கடல்நீரில் இரும்பு அரிப்பதை நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் கூடம் வைத்தே ஆராய்கிறது. மிக நல்லது. தோணி கட்டும் ஓடாவிகள் கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் மர அறிவை அளந்து எழுதவும் அதுபோல் பணம் ஒதுக்க வேண்டும், அவர்கள் இருக்கும்போதே.

நல்ல தண்ணீர் ஊற்றினால் ஆகாதா? ஆகாது. அது சீக்கிரம் காய்ந்துவிடும். தேங்கினாலோ மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உப்பு அந்தப் பூஞ்சையை அடக்கும். அதோடு கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; காற்றில் ஈரம் 33 சதவீதம் இருந்தாலே அதை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடி கசிகிறதே, அதே வேலைதான். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணி வெயிலில் ஆவியாகிப் போனாலும், மரத்தில் தங்கிய உப்பு இரவெல்லாம் கடற்காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிப் பலகைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.