திறன் பெருக்கி: ஒலிக்கு அங்கே என்ன வேலை?

செல்பேசி எப்படி அலை அனுப்புகிறது என்று தமிழில் விளக்க வருகிறவர்கள், ஆன்டெனாவுக்கு முன்னால் இருந்து அலையை வலுவாக்கும் 'பவர் ஆம்ப்ளிஃபயர்' வந்ததும் கூசாமல் 'ஒலிபெருக்கி' என்று எழுதிவிடுகிறார்கள். ஒருமுறை என்றால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். பார்க்கும் இடமெல்லாம் இதே கதை.

பேச்சு அந்த இடத்துக்கு வருவதற்குள் ஒலியாக இருப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. மைக்கில் மின்குறிப்பாகி, எண்களாகிச் சுருங்கி, அந்த எண்கள் மீண்டும் மின்னலைகளாகி, அவை கலப்பிச் சுற்றில் (மிக்சர்) ஊர்தி அலையின் மேல், அதாவது தகவலைச் சுமந்து செல்லும் ரேடியோ அலையின் மேல், ஏறிவிட்டன. 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 90 கோடி அதிர்வு. இதில் எந்த ஒலியைப் பெருக்குவது?

'ஆம்ப்ளிஃபயர்' லத்தீன் வழி வந்தது; 'ஆம்ப்ளுஸ்' என்றால் பெரிய, விரிந்த. தமிழில் பெருகு, பெருக்கு, பெருக்கி. இயற்பியல் பாடநூல்களிலும் டிரான்சிஸ்டர் 'பெருக்கி'தான். இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை 'பவர்' மீது. ஒலிபெருக்கியைத் தவிர்க்கும் அளவுக்கு விவரம் தெரிந்தவர்கள்கூட அடுத்த அடியில் 'ஆற்றல் பெருக்கி' என்று சறுக்குகிறார்கள். சிலர் 'சக்தி பெருக்கி' என்கிறார்கள். அது ஏதோ லேகியம் மாதிரி இருக்கிறது. ஆற்றல் என்பது 'எனர்ஜி'; 'பவர்' என்பது திறன். ஆற்றலை ஜூலில் அளக்கிறோம், திறனை வாட்டில். எவ்வளவு வேலை என்பது ஆற்றல், எவ்வளவு வேகத்தில் என்பது திறன். பேச்சு வழக்கில் இரண்டும் கலந்தால் குடி முழுகாது. இந்தச் சுற்றில் கலந்தால் முழுகும்.

ஜிஎஸ்எம் (2ஜி) செல்பேசியையே எடுத்துக்கொள்வோம். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வழக்கமான கைபேசியின் உச்சத் திறன் 2 வாட். ஆனால் அழைப்பின்போது அது இடைவிடாமல் அனுப்புவதில்லை. நேரத்தை எட்டாகப் பங்கிட்டு, தன் பங்கில் மட்டும் நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அனுப்பும். (ரேடியோ பக்கத்தில் போனை வைத்தால் வரும் டர்ர்ர் சத்தம் இதுதான்.) ஆக, ஒரு நொடியில் வெளியேறும் ஆற்றல் அதிகபட்சம் கால் ஜூல்தான். ஆனாலும் அந்தச் சின்ன இடைவெளியில் ஆன்டெனாவுக்கு 2 வாட் கிடைத்தாக வேண்டும். பெருக்கியை வடிவமைப்பவர் அதற்குத்தான் கணக்குப் போடுகிறார். கோபுரம் கூட்டு, குறை என்று போனுக்கு ஆணையிடுவதும் திறனைத்தான். எல்டிஇ (4ஜி) வந்தபோது வழக்கமான உச்சம் 0.2 வாட்டாக இறங்கியது. அதுவும் வாட்தான், ஜூல் இல்லை.

பிறகு 'ஆற்றல் பெருக்கி' என்று படிக்கிறவர், கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்தால் நிறைய ஆற்றல் தரும் மாயப்பெட்டி என்று நினைத்துக்கொண்டால் அவர் மேல் குற்றம் இல்லை. உண்மையில் பேட்டரியிலிருந்து வருவதை உள்ளீட்டு அலையின் வடிவத்துக்கு வார்த்து அனுப்புகிறது, அவ்வளவே. அதிலும் கணிசமான பங்கு வெப்பமாகப் போகும். சிக்னல் குறைந்த இடத்தில் பேசினால் போன் சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம். திறன் பெருக்கி என்ற பெயரும் இதையெல்லாம் விளக்கிவிடாது. ஆனால் தப்பான அலகைத் தலையில் ஏற்றாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் அகராதி இருக்கிறது, சுற்றுப்படத்தைப் பார்க்கும் பொறுமை இல்லை. இல்லாவிட்டால், அலையை வாங்கும் ஏற்பிப் பக்கத்தில், வரும் மெல்லிய அலையை இரைச்சல் (தேவையற்ற மின் குழப்பம்) அதிகம் சேராமல் பெரிதாக்கும் முதல் பெருக்கியான 'லோ நாய்ஸ் ஆம்ப்ளிஃபயர்'க்கு 'சத்தம் குறைந்த ஒலிபெருக்கி' என்று பெயர் வைத்திருப்பார்களா? சத்தம் குறைந்த ஒலிபெருக்கியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அது குறையிரைச்சல் பெருக்கி.