எத்தனை கிலோ தூக்கினால் தசை வளரும்?

ஐம்பது வயதைத் தாண்டிய வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரு கிலோ டம்பெல் ஜோடி வாங்கி தினமும் காலையில் முப்பது தடவை தூக்குகிறேன். மாதக்கணக்காகியும் பலம் கூடின மாதிரியே தெரியவில்லை. எத்தனை கிலோ வாங்கியிருக்க வேண்டும்?”

முதலில் சமையலறையைப் பார்ப்போம். நிரம்பிய கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. வாசலில் இறக்கிவிட்டுப் போனதை அடுப்படி வரைக்கும் சாய்த்து உருட்டிக்கொண்டு போவது பல வீடுகளில் பெண்கள்தான். தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. இதையெல்லாம் சமாளிக்கிற கைக்கு ஒரு கிலோ டம்பெல் உறைக்கவே உறைக்காது. ஏன் உறைக்காது என்பதில்தான் உடலியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது.

தசை என்பது இழைகளின் கட்டு, மூளையின் உத்தரவு தண்டுவடம் வழியாக இறங்கி வந்து அதைச் சுருக்குகிறது, இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் ஒவ்வொரு இழைக்கும் தனி நரம்பு கிடையாது. தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நரம்பு செல்லின் பொறுப்பில் ஒரு கூட்டம் இழைகள் இருக்கும். செல்லில் மின்துடிப்பு கிளம்பினால் கூட்டம் முழுக்கச் சுருங்கும், கிளம்பாவிட்டால் ஒரு இழைகூட அசையாது. கெண்டைக்கால் தசையில் ஒரே செல்லின் பொறுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருப்பதுண்டு. ஒரே தசைக்குள் சின்ன செல்களும் உண்டு, பெரிய செல்களும் உண்டு. சின்ன செல்லிடம் கொஞ்சம் இழைகள்தான், நிதானமாகச் சுருங்கும், நாள் முழுக்க உழைத்தாலும் சோராது. பெரிய செல்லிடம் ஏராளமான இழைகள், சட்டென்று பெரிய விசையைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் களைத்துவிடும்.

சரி, ஒரு பொருளைத் தூக்கும்போது யாரை முதலில் கூப்பிடுவது என்று மூளை எப்படி முடிவு செய்கிறது? முடிவு செய்வதே இல்லை! அந்த வேலையை ஓம் விதி பார்த்துக்கொள்கிறது. மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது, பத்தாம் வகுப்புப் பாடம். சின்ன செல்லுக்கு மேற்பரப்பு குறைவு, மின்னோட்டம் கசிந்து போகும் வழிகளும் குறைவு, ஆகவே மின்தடை அதிகம். மேலிருந்து எல்லா செல்களுக்கும் ஒரே அளவு மின்னோட்டம் வந்தாலும் சின்ன செல்லில் மின்னழுத்தம் மளமளவென்று ஏறி, துடிப்பு கிளம்பும் அளவைத் தொட்டுவிடும். பெரிய செல்லில் அதே மின்னோட்டம் கசிந்தே தீர்ந்துவிடும். ஒரே செம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினால் வழியும், அண்டாவில் ஊற்றினால் அடியில் கிடக்கும், கிட்டத்தட்ட அதுபோல. பெரிய செல் விழிக்க வேண்டுமென்றால் மூளை இன்னும் பலமாக முயல வேண்டும்.

இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த எல்வுட் ஹென்னமன். 1957-இல் முதல் கட்டுரை, 1965-இல் விரிவான தொடர். பூனையின் கெண்டைக்கால் தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபடி, தண்டுவடத்திலிருந்து வெளிவரும் நரம்பு வேரின் மெல்லிய இழையில் துடிப்புகளைப் பதிவு செய்தார். தசையை இழுத்தால் அதன் நரம்பு செல்கள் தாமாகவே தூண்டப்படும். முதலில் சின்ன செல்களின் குட்டித் துடிப்புகள், இழுவை கூடக் கூட அவற்றோடு பெரிய செல்களின் பெரிய துடிப்புகளும். இழுப்பைத் தளர்த்தியதும் கடைசியாக வந்த பெரியது முதலில் நின்றது. இந்தப் பதிவைப் பார்த்தவர்கள் யாரும் அன்றைக்கு டம்பெல் வாங்குவதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். ‘இதனால் என்ன பயன்’ என்று ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால்தான் ஆய்வுக்குப் பணம் என்கிற வழக்கம் எனக்கு வருத்தத்தைத் தருவது இதனால்தான். பூனையின் நரம்பு வேரில் தெரிந்த வரிசை இன்றைக்கு முதியோர் உடற்பயிற்சி வரை வந்து உதவுகிறது.

எப்படி உதவுகிறது? தசை இழை வளர்வதற்கான தூண்டுதல்களில் முக்கியமானது அது தாங்கும் இழுவிசை. கூப்பிடப்படாத இழைக்கு இழுவிசையும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. ஒரு கிலோவைத் தூக்கச் சின்ன செல்களே போதும் என்பதால், முப்பது தடவை தூக்கினாலும் பெரிய செல்களின் இழைகள் சும்மாவே கிடக்கின்றன. வயதாக ஆக மெலிந்து போவதும் பெரும்பாலும் இந்த வேக இழைகள்தான்.

பெரிய செல்களை எழுப்ப இரண்டு வழி. ஒன்று, எடுத்த எடுப்பிலேயே கனமானதைத் தூக்குவது. மற்றது, நடுத்தர எடையைக் களைக்கும்வரை தூக்குவது. முதலில் வந்த இழைகள் களைக்கக் களைக்க மூளை முயற்சியைக் கூட்டும், அடுத்த பெரிய செல்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸ் குழுவினர் இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 30 சதவீதத்தை இனி முடியாது என்கிற வரைக்கும் தூக்கிய காலும், 80 சதவீதத்தை அப்படித் தூக்கிய காலும் பத்து வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு பருத்தன. ஆனால் அதிகபட்ச எடையைத் தூக்கும் பலம் கனமாகத் தூக்கிய காலில்தான் கூடுதலாக ஏறியது.

ஆகவே ‘எத்தனை கிலோ’ என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. ஒரே ஆளுக்குக்கூடக் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்க 3 கிலோ கனமாக இருக்கும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார 10 கிலோவும் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கவனிக்க வேண்டியது வேகம். எட்டிலிருந்து பதினைந்து தடவைக்குள், கடைசி இரண்டு மூன்று தடவை நீங்கள் வேகமாகத் தூக்க நினைத்தும் கை மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் எடை சரி. பெரிய செல்கள் வந்துவிட்டன. பதினைந்தாவது முதலாவதைப் போலவே லேசாக இருந்தால் எடை போதாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் லேசான எடையில் அசைவைப் பழகிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், ரத்த அழுத்தம் எகிறும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. தசை சோர்ந்து எரிவது வேறு, மூட்டில் சுருக்கென்று குத்துவது வேறு. குத்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

‘கனமாகத் தூக்கினால் பெண்களுக்கு ஆம்பளை மாதிரி உடம்பு வந்துவிடும்’ என்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிற மூடநம்பிக்கை. தசையைப் பருக்க வைக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் ரத்தத்தில் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. வயதும் தடையில்லை. 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்கிற மருத்துவர் தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை கொடுத்து எட்டு வாரம் பயிற்சி தந்தார். தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நம் வீடுகளில் எழுபது வயதானவர் கையிலிருந்து காய்கறிப் பையைப் பிடுங்கிக்கொள்வதை மரியாதை என்று நினைக்கிறோம்.

வீட்டில் வரும் நடைமுறைச் சிக்கல் ஒன்று: கடையில் டம்பெல் 2.5, 5, 7.5 என்று தாவும். 2.5-லிருந்து 5 என்பது இரட்டிப்பு, அந்தத் தாவலில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தட்டு மாற்றுகிற மாதிரி டம்பெல்லாக வாங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கால் பயிற்சிக்குப் புத்தகப்பையில் அரிசிப் பாக்கெட்டுகளைப் போட்டு மாட்டிக்கொண்டால் கிலோ கிலோவாக ஏற்றலாம். அப்படி வசதியில்லை என்றால் பழைய எடையிலேயே இருபது, இருபத்தைந்து தடவை வரும்வரை போங்கள், இறக்கும்போது மூன்று நான்கு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடுத்த எடைக்கு மாறினால் முதல் நாள் ஆறு தடவைதான் வரும். அதோடு தொடங்கலாம்.