குன்னூர் தெரியும், குன்னூரில் தெரியாது

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தமிழில் எதை அடித்தாலும் சிவப்புக் கோடு விழுகிறது. ‘குன்னூர்’ என்று அகராதியில் சேர்த்த பிறகும் ‘குன்னூரில்’ சிவக்கிறது. ஏன்?

முதல் கோளாறு எளிது. உரையின் ஒவ்வொரு துண்டோடும் ஒரு மொழிக்குறி சேமிக்கப்படுகிறது. தமிழுக்கான குறி ‘சி.டி.எல்.’ (தமிழ், இந்தி போன்ற சிக்கலான எழுத்துகளுக்கானது) என்ற பெட்டியில் இருக்கும். பல கணினிகளில் அங்கே இந்தி உட்கார்ந்திருக்கும். இந்தி அகராதியில் தேடினால் தமிழ்ச் சொல் எப்படி அகப்படும்? டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழிப் பகுதிக்குப் போய் அதைத் தமிழாக்குங்கள். தமிழ் அகராதி நிறுவப்படவில்லை என்றால் அதற்கான நீட்சியையும் (எக்ஸ்டென்ஷன்) சேர்க்க வேண்டும். பழைய கோப்புகள் பழைய குறியையே சுமக்கும். அவற்றைத் திறந்து, முழு உரையையும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த கடிதத்துக்கு இது எதுவும் உதவாது. அதில் ‘தமிழ்’ என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது கோளாறுதான் சுவையானது. லிப்ரே ஆபீஸின் பிழைதிருத்தி ஹன்ஸ்பெல். ஹங்கேரிய மொழிக்காக லாஸ்லோ நேமெத் உருவாக்கியது. அந்த மொழியும் தமிழைப் போல விகுதிமேல் விகுதி அடுக்கும். அதனால் ஹன்ஸ்பெல்லுக்கு இரண்டு கோப்புகள்: ஒன்றில் வேர்ச்சொற்கள், மற்றதில் ஒட்டு விதிகள். ‘தோட்டம்’ பட்டியலில் இருக்கும். பக்கத்தில் எந்த விதிக்கூட்டம் பொருந்தும் என்ற அடையாளம். ‘தோட்டத்தில்’ வந்தால், முடிவிலுள்ள ‘த்தில்’ கழற்றி ‘ம்’ பூட்டிப் பார்க்கும். ‘தோட்டம்’ கிடைத்தது, அடையாளமும் பொருந்தியது, சரி. ‘தோட்டத்திலிருந்தும்’ என்றால் இரண்டு முறை கழற்றும்: முதலில் ‘உம்’, பிறகு ‘த்திலிருந்து’. இரண்டுக்கு மேல் கழற்றாது. ‘தோட்டங்களிலிருந்தும்’ போன்ற மூன்றடுக்குச் சொற்களுக்கு, விதி எழுதுபவர் இரண்டு ஒட்டுகளை ஒன்றாக்கி வைத்திருக்க வேண்டும். நுணுக்கமான, பொறுமை கேட்கும் வேலை. தமிழ் மாநாட்டுப் பந்தலுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு இதற்கு வரலாம் என்பது என் எண்ணம்.

வாசகி சேர்த்த ‘குன்னூர்’ விதியில்லாத வெறும் சொல். அதற்கு விதியும் கொடுக்க, அதே ஆப்ஷன்ஸில் உள்ள ரைட்டிங் எய்ட்ஸ் பகுதியில், தமிழ் மொழியைக் குறிப்பிட்டுப் புது அகராதி ஒன்று தொடங்குங்கள். சொல் பெட்டியில் ‘குன்னூர்’, ‘கிராமர் பை’ பெட்டியில் ‘ஊர்’. ‘ஊர்’ ஏற்கும் உருபுகளையெல்லாம் இனி குன்னூரும் ஏற்கும். பக்கத்து ஊர்களில், கேத்திக்கு ‘வண்டி’, கோத்தகிரிக்கு ‘நரி’ சரிப்படும். மாதிரிச் சொல் மூல அகராதியில் விதியோடு இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஹன்ஸ்பெல் சொல் சொல்லாகத்தான் பார்க்கும். ‘தேயிலைத்’ என்பதை ஏற்க விதி இருந்தால் ‘தேயிலைத் கொழுந்து’ என்பதும் கோடில்லாமல் போய்விடும். ‘நேற்று நல்ல மலை பெய்தது’ என்று அடித்தாலும் அது வாய் திறக்காது.