பழைய எழுத்து மேசை வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

பழைய மரச்சாமான்களைப் பழுது பார்த்துத் தருவது என் தொழில். பட்டறை காட்பாடியில். கொஞ்ச நாளாக ஒரே வகைச் சாமான் அடிக்கடி வருகிறது: செக்ரட்டரி மேசை. கீழே மூன்று நான்கு இழுப்பறைகள், அதற்கு மேல் சாய்வான மூடி. மூடியை இறக்கினால் அதுவே எழுதும் பலகை. உள்ளே கடிதம், ரசீது, பேனா வைக்கச் சின்னச் சின்ன மாடங்கள். சிலவற்றுக்குத் தலைமேல் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரியும் உண்டு. மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதிய சாய்வுப் பெட்டி ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இதன் அமைப்பு உடனே புரியும்.

வாலாஜாபேட்டை, குடியாத்தம் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது ஒன்றிரண்டு கிடைக்கும். மற்றபடி காரைக்குடி, புதுச்சேரி, கொச்சி என்று போய் வாங்கி வருகிறார்கள். வாங்கிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் ஆசிரியை ஒரு மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "வெள்ளைக்காரன் காலத்துது, நூற்றைம்பது வருஷம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. இழுப்பறையை முழுசாக உருவித் திருப்பினேன். அடிப்பலகை பிளைவுட். பின்பலகையை முடுக்கியிருந்த திருகுகள் எல்லாம் கூட்டல் குறி போட்ட தலை. அந்தத் திருகு புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். "டீச்சர், மரம் நல்ல தேக்குதான். சொன்ன வயசுதான் பொய்" என்றேன். அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. அரை நூற்றாண்டு உழைக்கக்கூடிய சாமான் அது. கொடுத்த விலை மட்டும் அதற்குரியதல்ல.

ஆகவே பாலிஷைப் பார்க்காதீர்கள். எந்த மரத்தையும் ஒரு வாரத்தில் பளபளக்க வைக்கலாம். இழுப்பறையை வெளியே எடுங்கள். பக்கப் பலகையும் முன்பலகையும் புறா வால் போலக் கோத்துக்கொள்ளும் மூட்டு இருக்கும். கையால் வெட்டியதென்றால் ஒரு வாலுக்கும் அடுத்த வாலுக்கும் அளவு கொஞ்சம் மாறும், குறி கீறிய கோடுகூடத் தெரியும். அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒரே அளவில் இருந்தால் இயந்திர வேலை. பல காலம் இழுத்து மூடிய இழுப்பறையின் அடி விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். உள்பக்கம் வெறும் மரமாக, தானாகப் பழுத்த பழுப்பில் இருக்க வேண்டும். உள்ளேயும் சாயம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரு திருகு புதிதாக இருப்பதால் மட்டும் மேசை போலியாகிவிடாது, நடுவில் யாராவது பழுது பார்த்திருக்கலாம். பக்கத்தில் பழைய துளை இருக்கிறதா என்று பாருங்கள். மேலே அலமாரி உள்ள மேசையில் இரண்டு பாகத்தின் பின்பலகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு வேறு மேசைகளின் மேலையும் கீழையும் சேர்த்து விற்பது இந்த வியாபாரத்தில் புதிதல்ல.

அடுத்தது மூடி. என்னிடம் வரும் பழுதில் பெரும்பகுதி இதில்தான். திறந்த மூடியை ஏந்த இரண்டு பக்கமும் தாங்கு கட்டைகள் உண்டு. அவற்றை முதலில் வெளியே இழுத்துவிட்டுத்தான் மூடியை இறக்க வேண்டும். மறந்து இறக்கினால் பாரம் முழுக்கக் கீலில் விழும், திருகு மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். வாங்கப் போகும் இடத்தில் கட்டைகளை இழுத்து, மூடியை இறக்கி, முன் விளிம்பில் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. கீலைச் சுற்றி ஒட்டுத்துண்டு வைத்திருக்கிறதா, மாவு பூசி அடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு மூடியைச் சாத்திவிட்டு, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா பாருங்கள். ஒரு மூலை தூக்கினால் பலகை முறுக்கிக்கொண்டது. அதை நிமிர்த்துவது எளிதல்ல, பல நேரம் முடியவும் முடியாது. அப்படிப்பட்டதை நான் வாங்க மாட்டேன்.

எழுதும் பரப்பில் தோல் ஒட்டியிருந்தால் அது தோலா ரெக்சினா என்று பாருங்கள். ரெக்சினாக இருந்தாலும் கவலை வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் தொழில் நடக்கும் ஊர்கள் பக்கத்திலேயே இருக்கும் நமக்கு மெல்லிய ஆட்டுத்தோல் கிடைப்பது பெரிய காரியமில்லை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கொச்சியில் கடல் காற்றில் கிடந்த மேசை வேலூர் சித்திரை வெயிலுக்கு வந்தால் மரம் சுருங்கும். நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில். அகலப் பலகையை இரண்டு பக்கமும் பசை போட்டு இறுக்கியிருந்தால் நடுவில் வெடிக்கும், வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டிய இடம் எழும்பும். வந்த புதிதில் ஏசிக்கு நேரேயோ மேற்கு ஜன்னலோரமோ வைக்காதீர்கள். மே மாதம் வெண்ணெய் போல ஓடிய இழுப்பறை ஐப்பசி மழையில் இறுகும். உடனே இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு வெயில் வரும்வரை பொறுங்கள்.

உளு இருக்கிறதா என்பதை நின்ற இடத்தில் சொல்ல முடியாது. பழைய துளை ஆபத்தில்லை, புதுத் தூள்தான் ஆபத்து. கால்களுக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து இரண்டு நாள் விடச் சொல்லிக் கேளுங்கள். மாவு உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு வேலை செய்கிறது.

தந்தம் பதித்த மேசையைக் காட்டினால் கிளம்பி வந்துவிடுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்தில் ஆங்கிலேயர்களுக்காக அப்படிச் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு பழையதானாலும் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். மூடிக்குக் கீழேயே இழுப்பறைகள் இருப்பதால் முழங்காலுக்கு இடம் குறைவு. நாள் முழுக்க லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுக் கணக்கு, கடிதம், படிப்பு என்றால் இதைப்போல மனதுக்கு இதமான மேசை வேறில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். தரையிலிருந்து எழுதும் பரப்பு 29, 30 அங்குலம் இருந்தால் பெரும்பாலோர்க்குச் சரி.

சின்னக் குழந்தைகள் உள்ள வீடென்றால் அலமாரி வைத்த மேசையைச் சுவரோடு எல் பட்டை போட்டு முடுக்காமல் விடாதீர்கள். மூடி திறந்து, இழுப்பறையும் வெளியே வந்திருக்கும்போது பாரம் முன்னால் சாயும். அதில் குழந்தை ஏறி நின்றால் மொத்தமும் கவிழும். பழைய மரத்தில் துளை போடுவதா என்று தயங்குபவர்களிடம் நான் வாதாடுவேன். பின்பக்கம் போடும் இரண்டு துளையை யாரும் பார்க்கப் போவதில்லை, பின்னால் அடைத்தும் தரலாம்.

சாவி தொலைந்த பூட்டை யாரையும் நெம்ப விடாதீர்கள். பழைய மேசைகளில் பல பூட்டுக்கு ஒரே சாவி போட்டிருப்பார்கள். மூடியின் சாவி இல்லையென்றால் இழுப்பறையில் தொங்கும் சாவியை முதலில் போட்டுப் பாருங்கள்.