கத்திரி வெயிலுக்குத் துணி எடுக்குமுன் ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள்

பங்குனி பிறந்ததும் மதுரையில் விளக்குத்தூண், பத்துத் தூண் சந்து வட்டாரக் கடை வாசல்களில் ‘சம்மர் காட்டன்’ என்று அட்டை மாட்டிய சுடிதார்களும் சட்டைகளும் தொங்க ஆரம்பித்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் வீட்டுக்கு இரண்டு உருப்படியாவது எடுத்துவிடுகிறோம். வைகாசி பிறக்கும்போது அதே துணி தையல் கடைக்குத் திரும்பி வருகிறது. “அக்குள் இறுக்குது, உடம்பெல்லாம் வேர்க்குரு, கொஞ்சம் பிரிச்சு விடுங்க” என்கிறார்கள். பிரித்துவிட உள்ளே துணி இருப்பதில்லை. பல நேரம் அது காட்டனும் இல்லை.

கையில் இருக்கும் குறைந்த பணத்துக்கே பார்க்க அழகாகவும் உடம்புக்குக் குளிர்ச்சியாகவும் உடுத்தலாம். கலப்பு நூல், தவறான லைனிங் (உள்ளே வைத்துத் தைக்கும் துணி), இறுக்கமான அளவு ஆகிய மூன்றும்தான் பணத்தையும் தோலையும் சேர்த்துக் கெடுக்கின்றன.

முதலில் நூல். துணியைக் கைக்குள் பத்து விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் பருத்தியாகவோ ரேயானாகவோ இருக்கலாம். உடனே விரிந்து சமமாகிவிட்டால் பாலியெஸ்டர் அதிகம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், வாங்கிய துணியின் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல், அதாவது பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றும் தனித்தனியாக உருவி, ஒரு தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து தூளாகும் சாம்பலாகிவிடும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல நிற்கும். இரண்டு நூலையும் ஏன் பார்க்கச் சொல்கிறோம் என்றால், பாவு ஒன்று, ஊடை ஒன்று என்று கலந்து நெய்த துணி நிறைய வருகிறது. ஒரு பக்கத்து நூலை மட்டும் கொளுத்திவிட்டு ‘சுத்த காட்டன்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ரேயானும் பருத்தி போலவேதான் எரியும், ஏனென்றால் அது மரக்கூழிலிருந்து வருவது. அதைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் போதும். நூலின் நடுவில் எச்சில் ஈரம் அளவுக்கு நனைத்து இழுங்கள். நனைந்த இடத்தில் பட்டென்று அறுந்தால் ரேயான். பருத்தி நூல் ஈரத்தில் இன்னும் பலமாகும். ரேயான் கெட்ட துணி என்று சொல்ல மாட்டோம். உடம்பில் விழும் அழகும் வேர்வையை உறிஞ்சும் குணமும் அதற்கு உண்டு. ஆனால் முறுக்கிப் பிழிந்தால் இழை போய்விடும், சுருக்கமும் அதிகம். தினமும் பஸ்ஸில் போய்வந்து மெஷினில் துவைக்கிறவர்களுக்கு அது ஒத்துவராது.

குறைந்த விலைத் துணியில் இன்னொரு ஏமாற்று, கஞ்சிக் கனம். கடையில் மொடமொடவென்று தடிப்பாக இருக்கும், இரண்டு துவைப்பில் கொசுவலை ஆகிவிடும். துணியின் இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று தேய்த்தால் வெள்ளையாகத் தூள் உதிருமா பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெசவின் இடைவெளி ஒரே சீராகத் தெரிய வேண்டும். சாயத்துக்கு, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் நாலைந்து தடவை தேய்த்தால் போதும். லேசாக ஒட்டினால் முதல் சில துவைப்பில் சரியாகும், திட்டாக ஒட்டினால் வேண்டாம். ‘உப்புத் தண்ணியில போட்டா சாயம் நின்னுடும்’ என்பதை நம்பி வாங்காதீர்கள். உப்பு, சாயம் ஏற்றும் தொட்டியில் உதவுவது. ஏற்கெனவே நிற்காத சாயத்தை அது நிறுத்தாது.

மீட்டர் துணி எடுத்துத் தைப்பதுதான் இன்னும் மலிவு, அதிலும் மிச்சத் துண்டுகளை விற்கும் கட் பீஸ் கடைகளில் தேடத் தெரிந்தால். அளவு தெரியாமல் போனால்தான் நஷ்டம். 44 அங்குல அகலத் துணியில் முழங்கால் வரையான குர்த்திக்கு 2.5 மீட்டர், ஆண்கள் அரைக்கைச் சட்டைக்கு 2 முதல் 2.25 மீட்டர். 58 அங்குல அகலம் என்றால் முழுக்கைச் சட்டைக்கே 1.6 மீட்டர் போதும். அதனால் மீட்டர் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள், அகலத்தையும் கேளுங்கள். கட் பீஸை முழுதாக விரித்து, மடிப்புக் கோட்டில் பழுப்பேறியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நாள்பட்ட மடிப்புப் பழுப்பு எந்த சோப்புக்கும் போவதில்லை.

வெட்டுவதற்கு முன் நனைக்காத துணியைத் தையல்காரரிடம் கொடுக்கவே கூடாது. பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். 44 அங்குல நீளக் குர்த்தி 5 சதவீதம் சுருங்கினால் 2 அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுக் கொடுங்கள். லைனிங் துணியையும் சேர்த்தே நனைக்க வேண்டும். மேல்துணி சுருங்கி லைனிங் சுருங்காவிட்டால் கீழே எட்டிப் பார்க்கும். லைனிங் மட்டும் சுருங்கினால் தையலோரமெல்லாம் இழுத்துப் பொங்கி நிற்கும்.

லைனிங் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல பருத்தியில் குர்த்தி எடுத்து, உள்ளே கிரேப் என்கிற மலிவான பாலியெஸ்டர் துணி வைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். உடம்பைத் தொடுவது கிரேப்தானே! கொடுத்த பருத்தி விலை முழுக்க வீண். மெல்லிய பருத்தி லைனிங் கேளுங்கள். அடர்ந்த நிறத்துக்கும் நெருக்கமான பிரிண்டுக்கும் பெரும்பாலும் லைனிங்கே தேவையில்லை. வெள்ளை, வெளிர் நிறங்களுக்கு வெள்ளை உள்ளாடையைத் தவிர்த்துத் தோல் நிற உள்ளாடை போட்டால் வெளியே தெரியாது. பாதி லைனிங் செலவு அங்கேயே மிச்சம்.

அடுத்தது அளவு. கோடைக்கான குர்த்திக்கும் சட்டைக்கும் மார்பளவைவிட 4 அங்குலம் கூடுதல் வேண்டும். கைக்குழி அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே இறங்கியிருக்கட்டும், அந்த இடத்தில் காற்று போனால்தான் வேர்வை காயும். இறுக்கமான துணிக்குள் வேர்வை தேங்குகிற இடத்தில்தான் வேர்க்குருவும் படர்தாமரையும் கிளம்புகின்றன. ஏற்கெனவே படர்தாமரை இருப்பவர்கள் மருந்தோடு துணியையும் மாற்றியாக வேண்டும். பக்கவாட்டில் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அதை வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்துவிட்டால் பிறகு எந்த டெய்லராலும் பிரித்துவிட முடியாது.

ரெடிமேட் வாங்கினால் M, L எழுத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டித்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். நீளம், கை, பக்கவாட்டு அகலம் ஆகியவற்றைக் குறைப்பது சின்ன வேலை. தோள்பட்டையும் கைக்குழியும் தவறினால் அந்தத் துணியைத் தொடாதீர்கள். திருத்துகிற கூலி துணி விலையைப் பிடித்துவிடும், அப்படியும் அழகாக வராது. திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய டி-ஷர்ட்டில் பக்கத் தையல் முன்பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறதா பாருங்கள். துவைக்கத் துவைக்க அது இன்னும் முறுக்கிக்கொள்ளும். கோடைக்கு 140 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும், 200-ஐத் தாண்டினால் புழுங்கும்.

விலையை ஒரு தடவை உடுத்தும் செலவாகக் கணக்கிட்டுப் பாருங்கள். 300 ரூபாய்ச் சட்டை ஆறு தடவையில் வெளுத்துவிட்டால் ஒரு தடவைக்கு 50 ரூபாய். 700 ரூபாய்ச் சட்டை 70 தடவை உழைத்தால் 10 ரூபாய். பிரிண்ட் போட்ட மேல்துணி மூன்று, ஒற்றை நிறக் கீழ்த்துணி இரண்டு என்று எடுத்தால் ஆறு ஜோடி சேரும். எல்லாவற்றையும் பிரிண்டில் எடுத்தால் ஒன்றுக்கொன்று சேராது. வேர்வைக் கறை அப்பட்டமாகக் காட்டுவது சாம்பல் நிறமும் வான்நீலமும். சின்னப் புள்ளி பிரிண்டும் வெள்ளையும் அதை மறைக்கும்.

புள்ளி என்றதும் மதுரைக்காரர்களுக்குச் சுங்குடியைச் சொல்லாமல் முடியாது. சௌராஷ்டிர மக்கள் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றி வளர்த்த இந்தப் பருத்திச் சேலைக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் முடிச்சிட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. அச்சில் வந்தது அளவெடுத்தாற்போல் இருக்கும், பின்பக்கம் வெளுத்துத் தெரியும். அச்சுச் சுங்குடியும் கோடைக்கு அருமையான துணிதான், முடிச்சுச் சுங்குடி விலை கொடுக்காமல் இருந்தால் சரி. அம்மாவின் பழைய சுங்குடி பீரோவில் இருந்தால் அதுவே புதுத்துணி. 5.5 மீட்டரில் ஒரு குர்த்தியும் ஒரு பலாசோவும் (தொளதொள பேன்ட்) வந்துவிடும். வெட்டுமுன் மடிப்புக் கோடுகளில் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ‘சர்’ என்று சத்தம் கேட்டால் இழை நைந்துவிட்டது, அந்தப் பகுதியை ஒதுக்குங்கள். புதுமண்டபத்தில் வழிவழியாகத் தைத்துவந்தவர்களின் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. இந்த மாதிரி வேலைக்கு அங்கே விசாரிக்கலாம்.

கதரையும் பாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய மேல மாசி வீதி வீட்டில் இன்று காதிக் கடைதான் இருக்கிறது. கையால் நூற்ற நூல் சீரற்றது, அதனால் நெசவில் காற்றுக்கு வழி இருக்கும். அக்டோபர் 2-ஐ ஒட்டித் தள்ளுபடி வரும்போது அடுத்த கோடைக்கு எடுத்து வைக்கலாம். ஆடித் தள்ளுபடியும் அப்படியே, பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கு முன்கூட்டி எடுத்தால் சித்திரைக்குள் அளவு பத்தாமல் போகும்.

துவைத்ததும் உட்புறம் வெளியே வருமாறு திருப்பி நிழலில் போடுங்கள், நம் ஊர் வெயில் ஒரே மாதத்தில் சாயத்தை உறிஞ்சிவிடும். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் இழைமேல் படிந்து, வேர்வை உறிஞ்சுவதைக் குறைக்கும். கஞ்சி பிடித்தவர்கள் நன்றாக நீர்க்கப் போடுங்கள், கெட்டிக் கஞ்சி நெசவின் கண்ணை அடைத்துவிடும். கோடை முடிந்து எடுத்து வைக்கும்போது அந்தக் கஞ்சி முழுக்கப் போக அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே பீரோவில் அடுக்குங்கள். இராமபாணப் பூச்சி முதலில் தேடி வருவது கஞ்சித் துணியைத்தான்.