சுவான் தாளில் எண்ணெய் வண்ணமா? கொஞ்சம் பொறுங்கள்

போன வருடம் ஓர் இளைஞர் சுருட்டிய ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். சீன மையில் வரைந்த குதிரை. நல்ல கை, பிடரி மயிரை ஒரே இழுப்பில் போட்டிருந்தார். உடம்பில் வெளிச்சம் விழும் இடங்களில் மட்டும் வெள்ளை எண்ணெய் வண்ணம். "ரெண்டு வருசந்தான் ஆச்சுண்ணே, அதுக்குள்ள இப்படி" என்றார். ஒவ்வொரு வெள்ளைத் தீற்றலைச் சுற்றியும் ஒரு பழுப்பு வளையம், வடை மடித்துக் கொடுத்த தாள் மாதிரி. திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் அதே கறை.

சிங்கப்பூரில் தாள் ஓவியங்களைச் செப்பனிடுவதும், பின்தாள் ஒட்டி ஃபிரேம் போடுவதும் என் தொழில். மேற்கத்திய முறையையும் சீன மையையும் கலந்த ஓவியம் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், எதைக் கலந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் தீட்டுமுன் அடிப்பூச்சு கொடுப்பார்கள். எண்ணெய் துணிக்குள் இறங்காமல் அது தடுக்கும். சுவான் தாளில் அப்படி எந்தத் தடுப்பும் கிடையாது. சீனாவின் ஆன்ஹுய் மாநிலத்தில், சிங்தான் மரப்பட்டையும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்கிற தாள் அது. தாகம்தான் அதன் குணம். மை கசிந்து பரவி அத்தனை சாயல் காட்டுவது அதனால்தான். எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெயையும் அதே தாகத்தோடு குடித்துவிடும். எண்ணெய் இறுக இறுக, தாள் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கும். இழைக்குள் போன எண்ணெயை முழுசாக வெளியே எடுக்க முடியாது. அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்.

கலக்கவே கூடாது என்கிறேனா? இல்லை. மையில் குதிரை வரைந்து பேர்பெற்ற சீன ஓவியர் ஷு பெய்ஹோங் 1919இல் பாரிஸ் போய், 1927இல் திரும்பினார். அங்கே படித்துக்கொண்டு வந்தது கோட்டோவியமும் உடற்கூறும். ஓடுகிற குதிரையின் தோள் எங்கே புடைக்கும், கால் எங்கே மடங்கும் என்று அவருக்கு அத்துப்படி. மையும் தூரிகையும் தாளும் மட்டும் பழையவைதான். வெளிச்சம் தெரியவேண்டிய இடத்தில் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டார்.

அவருக்கு இருநூறு வருடம் முந்தியவர் காஸ்டிலியோனே. 1715இல் பெய்ஜிங் போய்ச் சேர்ந்த இத்தாலியர், இயேசு சபைத் துறவி, சீன அரண்மனை ஓவியர். அவருடைய 'நூறு குதிரைகள்' (1728) ஏறக்குறைய 7.8 மீட்டர் நீளம். தூரமும் கனமும் ஐரோப்பிய முறை, பட்டுத் துணி சீனத்து வழக்கம். அரண்மனையில் முகத்தில் விழும் நிழலை அழுக்கு என்று நினைத்தார்களாம். அங்கே நிழலையே குறைத்துக்கொண்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கொடியில் தொங்கும் இரண்டு கிப்பன் குரங்குகள், சிங்கப்பூர் ஓவியர் சென் வென் சி வரைந்தவை. உருவத்தைக் கோணம் கோணமாக உடைத்து வரையும் மேற்கத்திய பாணியான கியூபிசத்திலும் கை வைத்தவர் அவர். வீட்டில் கிப்பன் வளர்த்து, அதன் அசைவைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

தண்ணீரில் கரைத்துத் தீட்டும் அக்ரிலிக் வண்ணம், எண்ணெயைப் போல ஊறாதுதான். ஆனால் காய்ந்தால் பிளாஸ்டிக் தோல். பின்தாள் ஒட்டும்போது ஓவியத்தை நனைத்தே ஆகவேண்டும். தாள் விரியும், அக்ரிலிக் பட்ட இடம் விரியாது. சுருக்கம் விழும். மெல்லிய பூச்சென்றால் சமாளிக்கலாம். அப்பளம் மாதிரி அப்பியிருந்தால் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், மலிவான பாட்டில் மையில் வரைந்த மூங்கில் ஓவியத்தைச் சோதிக்காமல் நனைத்துவிட்டேன். கல்லில் அரைத்த நல்ல மை காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. அந்த மை அசைந்தது. கண்ணெதிரே மூங்கில் முழுக்கச் சாம்பல் குளமாயிற்று. அன்றிலிருந்து, ஈரப் பஞ்சை ஓரத்தில் ஒற்றிப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை.

லேமினேட் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். இந்த ஊர் ஈரத்துக்குப் பழுப்புப் புள்ளி சீக்கிரம் வந்துவிடும்.

வரைகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓவியத்தோடு, அதே தாளில் அதே மையும் வண்ணமும் தீட்டிய உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றையும் எடுத்து வாருங்கள். முதல் ஈரம் அதில் படட்டும்.