அந்த ஊர்வலத்தில் யாரும் கத்தவில்லை

என் ஆவணப்படம் ஒன்றைத் திரையிட்டு முடித்ததும் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். படத்தில் வரும் பழைய ஊர்வலத்தில் இளைஞராக நடந்து போனவர். "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா அன்னைக்கு நாங்க யாரும் வாயைத் திறக்கலை. அது மௌன ஊர்வலம். நீங்க எங்களைக் கூச்சல் போட வச்சுட்டீங்களே" என்றார்.

அந்த நாற்பது நொடிக் காட்சி எனக்கு ஒலியில்லாமல்தான் கிடைத்தது. இத்தனை பேர் நடக்கும்போது சத்தமே இல்லாமல் இருந்தால் எடுபடாது என்று, ஒலி நூலகத்திலிருந்து ஒரு கூட்ட இரைச்சலை எடுத்து அடியில் வைத்தோம். அதன்மேல் மெல்ல மெல்ல ஏறும் முரசு. எடிட்டிங் அறையில் இருந்த எல்லாருக்கும் பிடித்துப்போனது. கட்டுப்பாட்டோடு நடந்த மனிதர்களை ஆவேசக் கும்பலாக்கிவிட்டேன் என்பது அவர் சொல்லும்வரை எனக்கு உறைக்கவில்லை. பிறகு, படச்சுருளோடு வந்த ஒளிப்பதிவாளரின் குறிப்புத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் 'மௌன ஊர்வலம்' என்றே எழுதியிருந்தது. நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

பழைய காட்சிகளைப் பார்க்கும் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். காதில் விழுவதில் பெரும்பகுதி அந்த இடத்தில் பதிவானதல்ல. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை செய்திப்பட ஒளிப்பதிவாளர்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவு வசதியில்லாத கேமராவோடுதான் களத்துக்குப் போனார்கள். சுருள் ஸ்டுடியோவுக்கு வந்த பிறகே வர்ணனை, இசை, கைத்தட்டல் எல்லாம் சேர்ந்தன. ஆக, காப்பகத்திலிருந்து நம் கைக்கு வரும்போதே அதில் யாரோ ஒருவருடைய அரசியல் ஒட்டியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு நம்முடையதை ஒட்டுகிறோம். வர்ணனையில் பொய் இருந்தால் எழுந்து நின்று மறுக்க ஆள் உண்டு. இசையை மறுத்துப் பேசி நான் யாரையும் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறான வழியை பெல்ஜிய இயக்குநர் யோஹான் கிரிமோன்ப்ரேயின் 'சவுண்ட்டிராக் டு எ கூ தேத்தா' ('ஓர் ஆட்சிக்கவிழ்ப்பின் இசை', 2024) என்ற ஆவணப்படத்தில் கண்டேன். ஆப்பிரிக்க நாடான காங்கோ 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா. சில மாதங்களிலேயே அவரிடமிருந்து ஆட்சி பறிக்கப்பட்டு, அக்டோபரில் அவர் வீட்டுக்காவலில் இருக்கிறார். அந்த மாத இறுதியில் அதே தலைநகரில், இன்றைய கின்ஷாசாவில், அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவோடு அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வந்து இறங்குகிறார். மக்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 1961 ஜனவரி 17 அன்று லுமும்பா கொல்லப்பட்டார்.

அந்த நாற்காலிக் காட்சியை மட்டும் கொடுத்தால் நானும் ஒரு துள்ளலான ட்ரம்பெட்டை ஏற்றி, நல்லெண்ணப் பயணம் என்று முடித்திருப்பேன். லுமும்பா காவலில் இருந்த தேதியைப் பக்கத்தில் வைத்ததும் அதே ட்ரம்பெட் நெஞ்சை அடைக்கிறது. இதற்காக ஆம்ஸ்ட்ராங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் தடுக்கப்பட்டதைக் கண்டித்து, 1957இல் அரசு அனுப்பவிருந்த சோவியத் பயணத்தை உதறியவர் அவர். லுமும்பா கொலைச் செய்தி வெளியானதும், 1961 பிப்ரவரி 15 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவைக்குள் எழுந்த எதிர்ப்பில் பாடகி ஆபி லிங்கனும் டிரம்மர் மேக்ஸ் ரோச்சும் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இருவரும் சேர்ந்து பதிவுசெய்த இசைத்தட்டில் லிங்கன் சொல்லே இல்லாமல் அலறுவார். அவர் குரலை இந்த வரலாற்றோடு சேர்த்துக் கேட்கும்போது அதைப் பின்னணி இசை என்று சொல்ல வாய் வரவில்லை. அது சாட்சியம்.

அந்தப் படத்தில் மேற்கோள் வரும்போது நூலின் பெயரும் பக்க எண்ணும் திரையிலேயே வருகின்றன. ஆவணப்படம் எடுக்கும் நாங்கள் எல்லாரும் கற்க வேண்டிய மரியாதை இது. ஆனால் ஜாஸின் தாளத்துக்கு ஈடுகொடுத்து அத்தனை வேகமாக வெட்டும்போது, ஒரு கூற்றை எடைபோட்டுப் பார்க்க நேரமில்லை. எனக்கு அது குறையாகவே பட்டது. நிறுத்தி நிறுத்தி இரண்டாம் முறை பார்த்தேன்.

இப்போது பழைய தெருக்காட்சிகள் வண்ணம் பூசப்பட்டு, குதிரைக் குளம்பொலியோடும் சந்தை இரைச்சலோடும் கைபேசிக்கு வருகின்றன. கலவரக் காட்சிகள் உருக்கமான பாட்டோடு வருகின்றன. பகிர்வதற்கு முன் ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கோபமோ கண்ணீரோ அப்போதும் வருகிறதா? யார் எடுத்தது, எந்த நாளில், யாருக்காக என்று எங்காவது இருக்கிறதா? ஒலிக்கும் பாடல் அந்த ஆண்டில் பிறந்திருந்ததா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே பல போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படம் எடுப்பவர்களிடம் ஒரு வார்த்தை. ஒரு பாடலைப் பயன்படுத்த, இயற்றியவர் பக்கத்தில் ஓர் அனுமதி, ஒலிப்பதிவுக்கு உரியவரிடம் இன்னோர் அனுமதி என இரண்டு வேண்டும். செலவு தாங்காமல் அதே சாயலில் வேறு மெட்டைப் போட்டு ஒப்பேற்றுகிறோம். அந்தக் காலத்தின் குரல் போய், நம் குரல் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பணம் இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

மௌன ஊர்வலக் காட்சியிலிருந்து முரசையும் இரைச்சலையும் எடுத்துவிட்டேன். 'இக்காட்சிக்கு ஒலிப்பதிவு இல்லை' என்று ஒரு வரி மட்டும் போட்டேன். ஒவ்வொரு திரையிடலிலும் முதல் சில நொடிகளுக்கு ஸ்பீக்கர் பழுதோ என்று சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்புறம் திரைக்குத் திரும்பி, நடந்துபோகிறவர்களின் முகங்களைப் பார்க்கிறார்கள்.